சிறுபான்மை மாணவர் ஆதரவு மையம்: உள்ளே சேர்க்கும் வரை அருமை

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் சிறுபான்மை மாணவர்களுக்கென்றே ஒரு ஆதரவு மையம் இருக்கிறது. பெயர் வேண்டாம், இதே கதை வேறு இடங்களிலும் நடக்கும். என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

சேர்க்கை விஷயத்தில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டணச் சலுகை, உதவித்தொகைப் படிவம், எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே மேசைதான். அங்கே இருக்கும் அக்கா படிவத்தைப் புரட்டி, கையெழுத்து விட்டுப்போன பக்கத்தில் விரலை வைத்து, "இங்க போடும்மா, இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்பார். வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள்?

சேர்ந்த பிறகுதான் சிக்கல். முதல் வாரம் ஆன்லைனில் ஒரு பயிற்சி. முதல் வருடம் யாரோடும் ஒட்டாமல் தவித்து, அப்புறம் மெல்லப் பழகிக்கொண்டதைப் பற்றி சீனியர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும், பிறகு அடுத்து வரப்போகிறவர்களுக்கு நாமும் எழுத வேண்டும். இதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற ஒரு மணி நேரப் பயிற்சி கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளியை மூன்று ஆண்டுகளில் பாதியாக்கியது. ஆனால் அதே வால்டன் குழு 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்து 2023-இல் வெளியிட்ட முடிவு கொஞ்சம் கறாரானது: அந்த மாணவர்கள் நிஜமாகவே ஒட்டிக்கொள்ள இடம் இருந்த கல்லூரிகளில்தான் பயிற்சி பலித்தது. எங்கள் மையம் முதல் ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டியிருக்கிறது, இரண்டாவதைப் பற்றி மூச்சு இல்லை.

ஒட்டிக்கொள்ள இங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மையத்தின் அறையை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள், எங்களுக்கு லேப் முடிவதே ஐந்தரைக்கு. வழிகாட்டி என்று ஒதுக்கிய சீனியர் வாட்ஸ்அப்பில் ஒரு வெல்கம் அனுப்பியதோடு சரி (பாவம், அவருக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை போல). இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்கு எரிச்சல் வருவது கணக்குக்கான கூடுதல் வகுப்பைப் பார்த்துத்தான், கதவில் 'பின்தங்கிய மாணவர்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள், நண்பர்கள் பார்க்க அந்தக் கதவைத் திறந்து யார் உள்ளே போவார்கள்? போனாலும் பள்ளிக்கூடத்துப் பாடத்தையே மறுபடி நடத்துகிறார்கள்.

1970-களிலேயே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் இதைக் கவனித்துவிட்டார். கால்குலஸில் (நுண்கணிதத்தில்) திணறிய கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை, தனித்தனியாக உட்கார்ந்து உழைத்தார்கள். சீன அமெரிக்க மாணவர்களோ கூடிப் படித்து ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்திக்கொண்டார்கள். அவர் ஆரம்பித்த குழுக்களில் சுலபமான கணக்கு கிடையாது, வகுப்பில் வருவதைவிடக் கஷ்டமான கணக்காகக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார், மதிப்பெண் ஏறியது. எங்கள் துறையிலும் ஓர் இளம் பேராசிரியை அதே பாணியில் ஒரு குழு நடத்துகிறார், யார் வேண்டுமானாலும் வரலாம், மையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் வாயைத் திறந்து சந்தேகம் கேட்கப் பழகியது அங்கேதான்.

புதிதாக வருகிறவர்கள் படிவத்துக்கும் உதவித்தொகைக்கும் கண்ணை மூடிக்கொண்டு மையத்துக்குப் போகலாம், படிப்புக்கு இதுபோல ஒரு குழுவை முதல் வாரமே தேடிப் பிடித்துவிடுங்கள். மையத்தார் அறையை எட்டு மணி வரை திறந்து வைத்து, கதவில் இருக்கும் அந்தத் தாளையும் கிழித்துப் போட்டால் நாலாவது நட்சத்திரத்தை உடனே போட்டுவிடுகிறேன்.