499 ரூபா டிக்கெட்டு, ஹாலே என் தம்பிய பாத்து சிரிச்சுது – 5க்கு 2 ஸ்டார்

போன சனிக்கிழமை சாயங்காலம் 7 மணி ஷோ, சென்னைல ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடி, மூணு பேர் வரிசையா பண்ணாங்க, டிக்கெட் 499. ஹால் பேரும் பண்ணவங்க பேரும் போடல. ஒரு ஆள மாட்டி விடணும்னு இத எழுதல, இந்த மாதிரி ஷோவுக்கு வீட்டு ஆளுங்கள ஆசையா கூட்டிட்டு போறவங்களுக்காக தான் எழுதுறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். ஏசி நல்லா இருந்துச்சு, சவுண்டு தெளிவா கேட்டுச்சு, பைக் பார்க்கிங்குக்கு காசு வாங்கல. 7:25க்கு தான் ஆரம்பிச்சாங்க, அது பரவால்ல. சேர் மட்டும் கொஞ்சம் மோசம், ரெண்டு மணி நேரம் உக்காந்தா முதுகு பிடிச்சுக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் தம்பிக்கு சின்ன வயசுலேர்ந்தே பேச்சு திக்கும். 24 வயசாகுது, வேலைக்கு போறான், ஃப்ரெண்ட்ஸ் கூட விடிய விடிய பேசுவான். ஆனா சொந்த பேர சொல்றது மட்டும் அவனுக்கு பெரிய கஷ்டம், திக்குற நிறைய பேருக்கு இது இருக்கு. வேற வார்த்தை எது மாட்டுனாலும் பதிலுக்கு இன்னொன்ன போட்டு சமாளிச்சிடலாம், தண்ணின்னு வரலன்னா குடிக்க ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுடுவான், பேருக்கு பதிலா எத போடுறது? ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ், இன்டர்வியூ, கூரியர்காரர் போன் பண்றது, எல்லா இடத்துலயும் அவனுக்கு மொத கண்டம் அந்த பேர் தான்.

ரெண்டாவதா வந்தவரு க்ரவுட் வொர்க் பண்றவரு, அதாவது ஆடியன்ஸ்ல யாரையாச்சும் பிடிச்சு பேச்சு குடுத்து அதுலேயே ஜோக் அடிக்கிறது. நாங்க ரெண்டாவது ரோ. மைக்க நீட்டி, "ப்ரோ உங்க பேரு?"ன்னாரு. தம்பி எந்திரிச்சு "ப... ப..."ன்னு ஆரம்பிச்சான், கண்ண இறுக்கி மூடிக்கிட்டான், வலது கை என் சேரோட கைப்பிடிய பிடிச்சுச்சு, விரல் நகமெல்லாம் வெளுத்து போற அளவுக்கு. ஒரு நாலு செகண்ட் இருக்கும். அதுக்குள்ள அவரு, "என்ன ப்ரோ பஃபர் ஆகுதா, வைஃபை பாஸ்வேர்ட் தரட்டா?"ன்னு கேட்டாரு. ஹால் மொத்தமும் சிரிச்சுது.

சரி, அந்த ஒன்னு தெரியாம வந்துச்சுன்னே வச்சுக்குவோம், மேடைல நிக்கிறவருக்கு டக்குன்னு வாய்ல வந்துடும், அதுக்காக நான் இவ்ளோ எழுத மாட்டேன். ஆனா அவருக்கு புரிஞ்சிருச்சு, அவர் மூஞ்சிலயே அது தெரிஞ்சுது, புரிஞ்சும் விடல. அதுக்கப்புறம் நாலு தடவ திரும்பி வந்தாரு. அவரோட ஜோக் ஒன்னு எடுபடாம போனா உடனே எங்க பக்கம் திரும்பி "ப... ப..."ன்னு செஞ்சு காட்டி, விட்டுப்போன சிரிப்ப அங்க வாங்கிக்கிட்டாரு.

ஷோ முடிஞ்சதும் வெளிய நின்னு பேசுனேன், நான் சத்தம் போடல. "அக்கா காமெடி தானே, ஜாலியா எடுத்துக்கோங்க, ஹர்ட் ஆகியிருந்தா சாரி"ன்னாரு. நடத்துறவங்ககிட்ட கேட்டா, முன்னாடி உக்காந்தா அப்படித்தான் மேடம், டிக்கெட்லயே போட்டிருக்கோமேன்னாங்க. போட்டிருக்காங்க தான், "சிலர் மனசு புண்படலாம்"னு சின்ன எழுத்துல ஒரு வரி.

இந்த "காமெடி தானே"ங்கிற பதில் தான் எனக்கு ஒத்துக்கவே முடியல. தம்பியோட ஃப்ரெண்ட்ஸ் அவன் திக்குறத வச்சு ஓட்டுவாங்க, என் முன்னாடியே ஓட்டுவாங்க, அவனும் சிரிப்பான், ஏன்னா அடுத்த நிமிஷம் ஒருத்தன் தொப்பைய இவன் ஓட்டுவான். அங்க ரெண்டு பக்கமும் வாய் இருக்கு. இங்க மைக்கு, லைட்டு, 120 பேரோட சிரிப்பு எல்லாம் ஒருத்தர் கைல, இன்னொருத்தனால அவன் பேரக்கூட சொல்ல முடியல. வார்த்தை ஒன்னாவே இருந்தாலும் ரெண்டும் எப்படி ஒன்னாகும்?

நம்ம வளந்ததும் இப்படி தான், அதயும் சொல்லணும். கருப்பு, குண்டு, சொட்டை, திக்குவாய்னு எத்தன படத்துல ஒரு கேரக்டரையே அதுக்குன்னு வச்சிருப்பாங்க, கவுண்டமணி செந்தில மண்டைய சொல்லி திட்டுறத பாத்து நானும் விழுந்து விழுந்து சிரிச்சவ தான், அத அப்படியே கிளாஸ்ல ஒரு பொண்ணுகிட்ட சொல்லிருக்கேன், அவ அன்னைக்கு டிபன் பாக்ஸ தொறக்கவே இல்ல. ஆனா வடிவேலு காமெடி இன்னைக்கும் குழந்தைலேர்ந்து தாத்தா வரைக்கும் ஏன் ஓடுதுன்னு யோசிச்சு பாருங்க, எல்லாம்னு சொல்லல, பெரும்பாலும் அதுல அடி வாங்குறது அவரே தான். வீராப்பா பேசிட்டு போய் மாட்டிக்கிறது அவரு, நம்ம சிரிக்கிறது அந்த வீராப்ப பாத்து.

மாற்றுத்திறனாளிகள சினிமால காட்டுற விதத்த பத்தி மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக போராடுற நிபுண் மல்ஹோத்ரா போட்ட கேஸ்ல, 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட், தலைமை நீதிபதி சந்திரசூட் இருந்த பெஞ்ச், இதயே பிரிச்சு சொல்லிருக்காங்க. அவங்கள மட்டம் தட்டி சிரிக்க வைக்கிறது வேற, அவங்க நிலைமைய மத்தவங்களுக்கு புரிய வைக்கிற நகைச்சுவை வேறன்னு.

அந்த ரெண்டாவது வகைய அதே மேடைல பாத்தோம், அதுக்கு தான் இந்த ரெண்டு ஸ்டாரும். மூணாவதா வந்தவரு கால்ல கேலிப்பர், அதாவது நடக்குறதுக்கு கால தாங்கி பிடிக்கிற கம்பி பட்டை, போட்டிருந்தாரு, சின்ன வயசுல போலியோவாம். மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் சம்பந்தமா ஒரு ஆபீசுக்கு போயிருக்காரு, செக்‌ஷன் மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. "ஏறி போனா, நல்லா ஏறுறியே உனக்கெதுக்கு சர்டிஃபிகேட்ங்கிறாங்க, ஏறலன்னா ஆள் வரலன்னு எழுதிடுறாங்க"ன்னாரு. அந்த கிளார்க் மாதிரி கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி பாத்தாரு பாருங்க, வயிறு வலிக்க சிரிச்சோம். ஒருத்தர் மனசும் நோகல. தம்பி அப்ப தான் கைப்பிடிய விட்டான்.

இத சொன்னா, அப்ப காமெடியன் எல்லாரையும் உள்ள தூக்கி போடணுமான்னு கேப்பாங்க. இல்லவே இல்ல. 2021 ஜனவரி 1 அன்னைக்கு இந்தூர்ல ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனவர் ஃபரூக்கிய பிடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஜெயில்ல வச்சாங்க, சுப்ரீம் கோர்ட் தான் இடைக்கால ஜாமீன் குடுத்துச்சு, அது அநியாயம்னு தான் நான் இன்னைக்கும் சொல்லுவேன். போலீஸ் வர்றது வேற, காசு குடுத்து பாத்தவங்க இது நல்லா இல்லன்னு சொல்றது வேற. சாமியோ கட்சியோ, மேல இருக்குறத கிண்டல் பண்ணுங்க, நான் மொத ஆளா கைதட்டுறேன்.

நடத்துறவங்களுக்கு ஒன்னே ஒன்னு: எந்த ரோ வரைக்கும் பேச்சு குடுப்பீங்கன்னு புக் பண்ணும்போதே காட்டுங்க, வேணாங்கிறவங்க பின்னாடி போட்டுக்குவோம்.

ஷோ முடிஞ்சு சாப்பிட போனோம். எப்பவும் அவனே ஆர்டர் சொல்லுவான், லேட் ஆனாலும் சொல்லுவான். அன்னைக்கு சர்வர் வந்து நின்னப்ப மெனு கார்டுல பரோட்டா மேல விரல வச்சு காட்டுனான், ஒரு வார்த்த பேசல. திங்கக்கிழமை அவனா வந்து, அந்த கேலிப்பர் அண்ணன் தனியா ஷோ பண்றாராம், டிக்கெட் போடுன்னான். ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன், ஆறாவது ரோ.