யார்டு கிரேனுக்குக் கேபிள் ரீல்: போடலாமா?

யார்டில் கன்டெய்னர் அடுக்கும், ரப்பர் டயரில் ஓடும் ஆர்.டி.ஜி. கிரேன்களை டீசலிலிருந்து கரண்டுக்கு மாற்ற விற்கிறார்களே, கேபிள் ரீல் செட் (கிரேன் நகர நகர மின் கேபிளை விரித்துச் சுருட்டும் உருளை), அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பராமரிப்புப் பிரிவு எலக்ட்ரீஷியன். கேபினில் உட்காருபவர் வேறு மாதிரி சொல்லலாம்.

இந்தக் கிரேனின் மோட்டார்கள் டீசல் காலத்திலும் மின்சாரத்தில்தான் ஓடின. எஞ்சினுக்கு வேலை ஜெனரேட்டரைச் சுற்றுவது மட்டுமே. 40 டன் தூக்கும் சில நொடிகளுக்காக அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துவிட்டு, அடுத்த டிரெய்லர் வரும்வரை சும்மா ஓடவிடுவோம். அந்த வீண் செலவு ரீல் வந்ததும் நின்றது. பெட்டியை இறக்கும்போது மோட்டாரே கரண்டைத் திருப்பித் தரும். முன்பெல்லாம் அதை ரெசிஸ்டரில் சூடாக்கியே தொலைத்தோம். இப்போது அது லைனுக்குப் போய்ப் பக்கத்துக் கிரேனுக்கு உதவுகிறது. ஆனால் இதற்கேற்ற டிரைவ் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டும், எல்லாச் செட்டிலும் வராது. கேட்டு வாங்குங்கள். ஆயில், ஃபில்டர் வேலையும் ஏறக்குறைய இல்லை.

தலைவலி, கிரேன் ஒரு பிளாக்கிலிருந்து (கன்டெய்னர் அடுக்கு வரிசை) இன்னொன்றுக்கு மாறும்போதுதான். லைனை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சக்கரங்களை 90 டிகிரி திருப்பி, சின்ன ஜெனரேட்டரில் நகர்த்திப் போய், அந்தப் பக்கம் மறுபடி செருக வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் என்பதால் அனுமதி பெற்ற ஆள்தான் தொடலாம். ராத்திரி ஷிப்டில் அந்த ஆளைத் தேடுவதே ஒரு வேலை. அடிக்கடி இடம் மாறும் கிரேனுக்கு, சின்ன எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்டே மேல். டீசல் முழுதாகப் போகாதுதான், ஆனால் தரையைத் தோண்ட வேண்டியதில்லை.

தோண்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது: கேபிள் படுக்கும் பள்ளத்துக்குச் சாய்வு சரியில்லாமல் ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மழை வந்தால் தண்ணீரும் மண்ணும் அதில்தான் தேங்குகின்றன, கேபிள் உறை தேய்கிறது. பள்ளம், டிரான்ஸ்ஃபார்மர், துணைமின் நிலையம் எல்லாம் ரீல் கொட்டேஷனில் இருக்காது. தனியாகக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், அடியில் கிடக்கும் பெட்டியை எடுக்க மேலே உள்ளவற்றை இடம் மாற்றும் வேலையை எந்த மோட்டாரும் குறைக்காது. லாரி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அடுக்கினால் தூக்குவதே குறையும். அதற்கான பணத்தை முதலில் ஒதுக்கச் சொல்வேன்.

ஒரே பிளாக்கில் நாள் முழுக்க நிற்கும் கிரேன் என்றால் தயங்காமல் ரீல் போடுங்கள். ஸ்லிப் ரிங் பிரஷ் (சுழலும் ரீலிலிருந்து கரண்டைக் கிரேனுக்குக் கடத்தும், தேய்ந்துபோகும் பாகம்) உதிரியை ஆர்டரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.