ஏப்ரனில் போட்ட சீலண்டை நெல் களத்திலும் போட்டுப் பார்த்தேன்

வேலூர்க்காரன், ஏர்போர்ட்டில் வேலை என்று சொன்னாலே வேலூர் விமான நிலையம் இருக்கிற அப்துல்லாபுரமா என்று கேட்பார்கள். அது இல்லை. வெளியூர் விமான நிலையம் ஒன்றில், விமானம் வந்து நிற்கிற ஏப்ரனில், கான்கிரீட் ஸ்லாப்களுக்கு நடுவே இருக்கும் ஜாயின்ட்டை அடைக்கிற வேலை. 2014-இல் சேர்ந்தேன். லத்தேரி, திருவலம் பக்கத்துப் பையன்கள்தான் என் ஆட்கள். 2016-இல் ஆரணிப் பக்கம் அக்கா வீட்டுக்காரர் ரைஸ் மில்லுக்குப் புதுசாகக் கான்கிரீட் களம் போட்டார். ஏப்ரனில் போட்ட மூன்று வகை சீலண்டையும் (ஜாயின்ட்டை அடைக்கிற, இழுபடுகிற பொருள்) அங்கேயும் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டேன். இரண்டு இடத்தையும் இன்று வரை பார்த்துக்கொண்டு வருகிறேன், இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் இந்த ஜாயின்ட் எவ்வளவு அசையும் என்று சொல்லிவிடுகிறேன். 5 மீட்டர் ஸ்லாப், மார்கழி விடியலுக்கும் அக்னி நட்சத்திர மதியத்துக்கும் கான்கிரீட்டின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். பனிக்காலத்தில் வாய் திறந்திருக்கிற இடைவெளியில் ஒரு ஜல்லித் துண்டு விழுந்துவிட்டால், வெயில் வந்து ஸ்லாப் நீளும்போது அது நகர இடமில்லாமல் ஓரத்தைப் பெயர்த்துவிடும். களத்தில் பெயர்ந்தால் கூட்டித் தள்ளலாம். ஏப்ரனில் அந்தச் சில்லை இன்ஜின் உறிஞ்சும். 2000-இல் பாரிஸில் கான்கார்ட் எரிந்து 113 பேர் செத்ததற்குக் காரணம் வேறொரு விமானத்திலிருந்து ரன்வேயில் விழுந்து கிடந்த ஒரு டைட்டானியப் பட்டை. அதனால்தான் சின்னச் சில்லு கிடந்தாலும் அங்கே அவ்வளவு கத்துகிறார்கள்.

சரி, சீலண்டுக்கு வருகிறேன். சூடாக்கி ஊற்றுகிற ரப்பர் கலந்த தார் விலை குறைவு, வேலை வேகம். ஆனால் நேராக அடுப்பு வைத்துக் காய்ச்சக் கூடாது, எண்ணெய்ச் சூட்டில் காய்கிற இரட்டைச் சுவர்க் கொப்பரை வேண்டும். அதிகம் காய்ந்தால் ரப்பர் செத்துவிடும், அப்புறம் ஊற்றினாலும் ஒரே வருஷத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். எரிபொருள் நிரப்புகிற இடத்தில் சாதாரணத் தார் ஆகவே ஆகாது, கெரோசின் மாதிரியான அந்த எண்ணெய் சொட்டிச் சொட்டிச் சேறாக்கிவிடும். அதற்கென்று ஐஎஸ் 1834 என்கிற இந்தியத் தர விதியில் எரிபொருள் தாங்குகிற கிரேடு தனியாக உண்டு. களத்தில் தார் செய்த கூத்து வேறு. சித்திரை வெயிலில் இளகி, காய வைத்த நெல் எல்லாம் வரிசையாக அதில் ஒட்டிக்கொண்டது. மாமா ஒரு பிடி கறுப்பு நெல்லை என் உள்ளங்கையில் கொட்டி, "இன்னா மாப்ள, இதுதான் ஏர்போர்ட் வேலையா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வகை பாலிசல்பைடு, கலந்ததும் ரப்பர் மாதிரி இறுகுவது, எரிபொருளுக்கு அசராது. இரண்டு டப்பா, டிரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்க வேண்டும், டப்பா ஓரத்திலும் அடியிலும் வரி வரியாக நிறம் தெரிகிற வரை கலவை முடியவில்லை என்று அர்த்தம். கலக்காமல் விட்ட இடம் ஒரு வருஷம் கழித்தும் பிசுபிசு என்றே இருந்தது. நன்றாகக் கலந்தது நல்லாவே உழைத்தது, ஆனால் ஆறேழு வருஷ வெயிலில் இறுகி, மேலே சுருக்கம் விழுந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது சிலிகான். எண்ணெய் பட்டால் கொஞ்சம் ஊதும், ஆவியானதும் பழையபடி ஆகிவிடும். களத்தில் போட்டது இன்னமும் நகத்தால் அழுத்தினால் அமுங்கி எழும்புகிறது. ஒரே எரிச்சல், மில் கோழிகள் அதைக் கொத்தும். ஏப்ரனில் கோழி இல்லை, பரவாயில்லை.

ஆனால் எனக்கு முழுசாகத் தோற்றதும் சிலிகான்தான், தப்பு என்னுடையது. ஏப்ரனில் ஒரு மார்கழி ராத்திரி, விடிவதற்குள் இடத்தை விட்டுத்தர வேண்டும், ஸ்லாப் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஜாயின்ட்டுக்குள் பனி இறங்கியிருந்தது. ஜாயின்ட் சுவரில் கான்கிரீட் அறுத்த மாவும் ஒட்டிக்கொண்டிருந்தது, மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்கிற சேண்ட் பிளாஸ்ட் அடிக்காமல் கம்ப்ரசர் காற்று மட்டும் ஊதிவிட்டுப் போட்டோம். "தூசி கீதுண்ணா" என்று ஒரு பையன் சொன்னான், நான்தான் போடச் சொன்னேன். அடுத்த பொங்கலுக்குள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நாற்பது மீட்டர் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று, பவுடர் பூசின பிள்ளை கன்னம் போல. அன்றிலிருந்து கறுப்புத் துணியை விரலில் சுற்றி உள்ளே தேய்த்துப் பார்ப்பேன், துணி வெளுத்தால் அன்றைக்கு டப்பா திறப்பதில்லை.

சீலண்டுக்கு அடியில் வைக்கிற பேக்கர் ராட் விஷயத்தில் மாமா சிக்கனம் பார்த்தார். "கீழே போற நுரைக் கயிறு எவன் கண்ணுக்குத் தெரியும், மணல் போட்டு நிரப்பு" என்றார். ஒரு வரிசைக்கு அப்படியே செய்தேன். சீலண்ட் இரண்டு சுவரை மட்டும் பிடிக்க வேண்டும், மணல் போட்டால் அடியையும் பிடித்துக்கொள்ளும், ஸ்லாப் விலகும்போது நடுவில் கிழிந்துவிடும். அப்படியே கிழிந்தது. அதற்குள் நெல் புகுந்து, ஐப்பசி மழையில் நேர்க்கோட்டில் நாற்று முளைத்திருந்தது, அக்கா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் வைக்கிற அளவு இதுதான்: 12 மில்லி அகலத்துக்கு 15 அல்லது 16 மில்லி ராட், அதன் மேல் 6 மில்லி சிலிகான், அதுவும் தரைமட்டத்துக்கு 6 மில்லி கீழே, டயர் தொடாதபடி. ராட்டை ஸ்குரூடிரைவரால் குத்தி இறக்கினால் ஓட்டையாகி, உள்ளிருந்து காற்று வந்து சிலிகானில் கொப்புளம் விடும். கட்டைச் சக்கரம் ஒன்று செய்து உருட்டி இறக்குகிறோம்.

ஸ்லாப் நடுவில் தானாக விழுந்த விரிசலுக்கும் இதே கதைதான், கிரைண்டரில் வாய் அகட்டி, ராட் வைத்து, சீலண்ட். அதில் கல் மாதிரி இறுகுகிற எபாக்சிப் பசை ஊற்றி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு, அசைகிற விரிசல் பக்கத்திலேயே இன்னொன்று போட்டுக்கொள்ளும். தலைமுடி விரிசலைத் தொடாமல் விட்டுவிடுவேன்.

களத்தில் இன்னும் தார் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. இந்தப் புரட்டாசி மழைக்கு முன்னால் அறுத்து எடுத்து சிலிகான் போட்டுவிடலாம் என்று மாமாவே சொல்லியிருக்கிறார், ராட்டுக்கும் சேர்த்துக் காசு தருகிறாராம்.