கண் புரை ஆபரேஷனுக்கு அப்புறம் எந்தச் சொட்டு: ஸ்டீராய்டா, மத்ததா?

அம்மாவுக்கு புரை எடுத்து மூணு வாரமாச்சு. சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு வரிசையில இருக்கிற, முன்னாடியே புரை எடுத்த அத்தை வந்து பாத்துட்டு, எனக்கு ஒரு போத்தல்தான் குடுத்தாங்க உனக்கு எதுக்கு வீக்கத்துக்கே ரெண்டு, ஒண்ணு போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க, அம்மாவும் சரின்னு ஒண்ண எடுத்து ஓரமா வெச்சுட்டாங்க. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

முதல் போத்தல் பிரெட்னிசோலோன் 1%, ஸ்டீராய்டு. வீக்கத்தை வேர்லயே அடக்கும், சிவப்பும் கூச்சமும் சீக்கிரம் இறங்கும். ஆனா சில பேருக்கு ரெண்டு மூணு வாரம் போட்டாலே கண்ணு பிரஷர் ஏறிடும், வலியே தெரியாது, அளந்து பாத்தாதான் தெரியும். குடும்பத்துல குளுக்கோமா (கண்ணு நரம்பைக் கெடுக்கிற நோய், பெரும்பாலும் பிரஷர் ஏறி வரும்) இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. திடீர்னு நிறுத்தவும் கூடாது, வீக்கம் திரும்பிரும், நாலு தடவை, மூணு, ரெண்டுன்னு அவங்க சொன்ன மாதிரி படிப்படியா குறைக்கணும்.

ரெண்டாவது நெபாஃபெனாக், ஸ்டீராய்டு கிடையாது. பிரஷர் ஏத்தாது. 0.1%னா ஒரு நாளைக்கு மூணு தடவை, 0.3%னா ஒரு தடவை. இதே வகையில கீட்டோரோலாக் நல்லா எரியும். கண்ணு ரொம்ப வறண்டவங்களுக்கு இந்த வகையை நிறைய நாள் போட்டா கருவிழி புண்ணாகலாம், அபூர்வம்தான், ஆனா கண்ணு குத்துதுன்னா சும்மா இருக்காதீங்க.

அப்ப எது நல்லது? அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு. அவங்களுக்கு விழித்திரை நடுவுல நீர் கோத்துக்கிற ஆபத்து கூட, ஆபரேஷன் ஆகி நாலு ஆறு வாரத்துலதான் அது பெரும்பாலும் தலைகாட்டும், நல்லா தெரிஞ்ச பார்வை மறுபடி மங்கும். அதைத் தடுக்கத்தான் ரெண்டாவது போத்தல். அத்தைக்கு இனிப்பு நீர் இல்ல, ஒண்ணே போதும்னு டாக்டர் விட்டிருப்பாங்க. என்னைக் கேட்டா இனிப்பு நீர் உள்ளவங்க டாக்டர் சொல்லாம எதையும் நிறுத்தவே கூடாது.

இன்னொண்ணு. அம்மா போத்தலை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், அடியில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருந்துச்சு. பாவம், இத்தனை நாளும் குலுக்காமலே விட்டிருக்காங்க, மருந்து பாதி அடியிலேயே கெடந்திருக்கு. இந்த ரெண்டுமே குலுக்கணும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம் விடணும். இப்ப பசியாறுறதுக்கு முன்னாடி நானே குலுக்கி, கீழ் இமையை இழுத்துப் புடிச்சு ஒரு சொட்டு விடுறேன்.