611 நாள் பூச்சியமான கதை

ஜெர்மன் கற்பிக்கும் செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாகப் பணம் கட்டிப் பயன்படுத்துபவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். பாடங்களில் குறையே இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டீ, டாஸ் மூன்றையும் உருப்போடாமலே என் மனத்தில் பதியவைத்தது இந்தச் செயலிதான்.

என் எரிச்சலெல்லாம் ஸ்ட்ரீக் என்னும் தொடர்நாள் எண்ணிக்கையின் மேல். இடைவிடாமல் எத்தனை நாள் பாடம் முடித்தோம் என்பதே அந்த எண், ஒரு நாள் தவறினாலும் பூச்சியமாகிவிடும். முதல் மாதம் அந்த எண் உற்சாகம் தந்தது. நூறைத் தாண்டியபின், புதிதாகக் கற்பதைவிடச் சேர்ந்ததை இழக்காமலிருப்பதே குறியாகிவிட்டது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கிய இழப்பு வெறுப்பு இதுதான்: நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, கையிலிருந்த நூறு ரூபாய் தொலையும் வலி பெரிது. எத்தனையோ இரவுகளில் 11.50 மணிக்கு, எப்போதோ முடித்த முதல் பாடத்தையே அரைத் தூக்கத்தில் மறுபடி முடித்து எண்ணைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த இரவுகளில் ஒரு சொல்லும் புதிதாகக் கற்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் தினசரிப் பயனர் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும், விட்டுப்போகாமல் தொடர்பவர்களைக் காட்டும் தக்கவைப்பு விகிதத்திலும் நான் நல்ல பிள்ளையாகவே தெரிந்திருப்பேன். எனது சாதனை என்று நான் நினைத்திருந்த எண், உண்மையில் அவர்களுக்கான அளவுகோல்.

சென்ற மாதம் காய்ச்சலில் ஒரு நாள் தவறியது, 611 பூச்சியமானது. பணம் கட்டினால் மீட்டுத் தருவதாகத் திரை சொன்னது. மறுப்பதற்கான பொத்தானில் 'என் முயற்சியைக் கைவிடுகிறேன்' என்று எழுதியிருந்தது. வேண்டாம் என்பவரை இப்படிக் கூசவைப்பதற்குக் கன்ஃபர்ம் ஷேமிங் என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பட்டியலிட்ட 13 டார்க் பேட்டர்ன்களில், அதாவது பயனரை ஏமாற்றியோ நெருக்கியோ இணங்கவைக்கும் வடிவமைப்பு உத்திகளில், அதுவும் ஒன்று. ஓயாமல் நச்சரிப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது, அதையும் இந்தச் செயலி விட்டுவைக்கவில்லை.

அந்த எண் இல்லாவிட்டால் இருபதாம் நாளே நான் விட்டிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். பாடங்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இலவசப் பதிப்பிலும் அதே பாடங்கள்தாம் இருக்கின்றன, அறிவிப்புகளை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். என் சந்தா தை மாதம்தான் முடிகிறது. பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கிய எண் இன்று 19. அதில் எத்தனை நாள் முதல் பாடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.