“நோமல் ஐயா, கவுட் இல்ல”

போன மாதம் ஒரு சனி இரவு வாவி நண்டுக் குழம்பும் இறால் பொரியலும், கூடவே இரண்டு பியர். ஞாயிறு விடியப்புறம் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிப் பளபளத்தது. சாரன் கரை பட்டாலே கத்தினேன். அடுத்த வீட்டு மாமி வாதம் என்று சொல்லி வேப்பெண்ணெய் தந்தார். திங்கள் காலை, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓட்டோவில் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய் ஒரு தனியார் லாப்பில் இறங்கினேன்.

இரத்தம் எடுத்த தங்கச்சிக்கு முழுப் புள்ளி. எனக்கு நரம்பு லேசில் பிடிபடாது. இவர் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிட்டார். ரிப்போட்டும் சொன்னபடி இரண்டு மணிக்குக் கைக்கு வந்தது.

குறை கவுண்டரில்தான். கவுட் என்பது யூரிக் அசிட் என்ற கழிவு மூட்டுக்குள் படிகமாகப் படிந்து வரும் வீக்கம்; இரத்தத்தில் அதன் அளவைத்தான் பார்த்தார்கள். யூரிக் அசிட் 5.9, பக்கத்தில் நோமல் அளவு 3.5 – 7.2 என்று அச்சடித்திருந்தது. “நோமல் ஐயா, கவுட் இல்ல. சுளுக்காயிருக்கும்” என்றார் அங்கிருந்த தம்பி. நானும் நம்பி, காலை உருவிவிட ஆள் தேடினேன். நல்ல காலம், மனிசி விடவில்லை.

பின்னேரம் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர், ரிப்போட்டுக்கு முன் காலைப் பார்த்தார். வலி உச்சத்தில் நிற்கும்போது இரத்தத்தில் யூரிக் அசிட் இறங்கி நோமல் காட்டலாமாம். எல்லாம் அடங்கி இரண்டு கிழமை கழித்துத் திரும்ப எடுக்க வேண்டுமாம். ஐயமில்லாமல் சொல்ல, மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் ஊசி ஊசியாக யூரேட் படிகம் (யூரிக் அசிட்டின் உப்பு) கிடக்கிறதா என்று விசேஷ மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். “காய்ச்சல் இருந்து, கிருமி புகுந்த சந்தேகம் வந்திருந்தால் இன்றைக்கே அதைச் செய்திருப்பேன்” என்றார். எக்ஸ்ரே வேண்டாம் என்றுவிட்டார், முதல் தடவையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாதாம். கிரியேட்டினின் மட்டும் சேர்த்து எழுதினார்; சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் மருந்தின் அளவு.

இரண்டு கிழமைக்குப் பிறகு அதே லாப், அதே தங்கச்சி, அதே ஒரே குத்து. இந்த முறை 8.4.

இரத்தம் எடுப்பதற்கு 5க்கு 5, கவுண்டருக்கு 2. லாப்பின் பெயரைப் போடவில்லை, அந்தத் தம்பியின் வேலைக்கு உலை வைக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததை அவரிடமே சொன்னேன். ரிப்போட்டை மடித்துக் கவரில் போட்டு, “டொக்டரிட்டயே காட்டுங்க ஐயா” என்று தந்தார்.