புதுச்சேரியில் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? டயரின் உட்பக்கத்தையும் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் போர்ஷே, பி.எம்.டபிள்யூ., மஸ்டாங் மாதிரி கார் வைத்திருப்பவர்களும், அப்படி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று இருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 'இந்த வருஷத்து டயர்' என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, ஏழு வருடத்துக்கு முன்னால் தயாரான டயர் இரண்டை எங்கள் காரின் பின்பக்கம் மாட்டி அனுப்பிவிட்டார்கள். முன்பக்க டயர்கள் இரண்டும் கேட்டபடியே சரியானவை. பின்பக்கம் இரண்டும் குடோனில் கிடந்த பழைய சரக்கு. நின்று பார்த்தால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பளபளப்பு. வித்தியாசம் தெரியவே தெரியாது.

புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வேலையை எந்த ஊரிலும் எந்தக் கடையும் செய்யலாம், அதனால் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கார் என் தாய்மாமாவுடையது. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முத்தியால்பேட்டையில் வந்து உட்கார்ந்தவர். வாழ்நாள் ஆசை என்று ஒரு போர்ஷே 718 கேமனை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். தினமும் எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை போய் வருவார், அவ்வளவுதான். வண்டியின் மற்ற வேலைகளை எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பின் டயரில் உள்பக்க பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து, மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று காட்டும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டையைத் தொட்டுவிட்டது. மாற்றியாக வேண்டும். நூறடி ரோட்டுப் பக்கம் பெரிய கடை ஒன்று, கண்ணாடிக் கதவும் ஏசியும் காபியுமாக இருக்கும். அங்கே கேட்டோம்.

இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் கிடையாது. 19 அங்குல வீலில் முன்பக்கம் 235/40, பின்பக்கம் 265/40. இன்ஜின் இருப்பது சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். அதனால் பாரமும் பின்னால்தான் அதிகம், தள்ளுவதும் பின் சக்கரம்தான். பின் டயரில் அளவுக்குப் பக்கத்திலேயே 98 என்ற எண்ணும் ஒய் என்ற எழுத்தும் இருக்கும். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாக்குப்பிடிக்கும். 'நம்ம ஊரில் யார் முன்னூறில் போகப் போகிறார்கள்' என்று கேட்பார்கள். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் இல்லை, சூடு ஏறும்போது டயர் குலையாமல் நிற்கிறதா என்பதற்கும் அதுதான் சான்று. இந்த வண்டியே 275 வரை போகக்கூடியது, அதைவிடக் குறைந்த எழுத்துள்ள டயரை மாட்டுவது நியாயமே இல்லை.

அப்புறம் இன்னொரு குறியீடு. போர்ஷே தன் வண்டிக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயரில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் 0, 1, 2 என்று ஓர் எண்ணும் இருக்கும். பி.எம்.டபிள்யூ.வுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு 'எம்ஓ', ஆடிக்கு 'ஏஓ'. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும், குறியீடு உள்ள டயரின் ரப்பரும் உள்கட்டுமானமும் குறியீடு இல்லாததிலிருந்து மாறுபடலாம். 'என்' குறி இல்லாத டயர் போட்டால் வண்டி ஓடாது என்று நான் சொல்லவில்லை. யோசித்து, நான்கையும் ஒரே மாதிரியாக, குறி இல்லாத நல்ல டயராகப் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. முன்னால் ஒரு ரகம், பின்னால் வேறு ரகம் என்று கலப்பதுதான் கூடாது. முன்பக்கம் பிடித்துக்கொண்டிருக்க, பின்பக்கம் மட்டும் வழுக்கினால் இந்த மாதிரி வண்டி சட்டென்று சுற்றிக்கொள்ளும்.

மாமா கேட்டது தெளிவாக: நான்கும் 'என்' குறியோடு, நான்கும் இந்த வருடத் தயாரிப்பு. மேனேஜரும் வாட்ஸ்ஆப்பில் அப்படியே எழுதி அனுப்பினார். நான்குக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பில் இல்லாமல் எடுத்தால் இன்னும் குறைக்கலாம் என்றார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டயருக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில்தான் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதையும் மிச்சம் பிடிக்கப் போய் கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்பானேன்?

இந்த அளவு டயர் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. லைசென்ஸ் வாங்கித்தான் கொண்டுவர முடியும். ஊரில் இப்படிப்பட்ட வண்டிகளும் கைவிட்டு எண்ணுகிற அளவுதான். அதனால் அதற்கு முன்பே வந்து விற்காமல் தேங்கிய டயர்கள் அங்கங்கே கிடக்கின்றன. அதை 'பழைய சரக்கு, பாதி விலை' என்று உண்மையைச் சொல்லி விற்கட்டும், வேண்டியவர்கள் யோசித்து வாங்கட்டும். புது விலைக்குப் புதுசு என்று தலையில் கட்டியதுதான் ஏமாற்று.

டயர் மாட்டும் அன்று நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். "இல்ல சார், கஸ்டமர் உள்ள வரக்கூடாது, சேஃப்டி ரூல்ஸு" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். டயரைக் காட்டுங்கள் என்றதற்கு ஒரு பையன் முன் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். அதில் 'என்' குறி இருந்தது. 1025 என்று தேதி இருந்தது, அதாவது 2025-இன் பத்தாவது வாரம். சரியான டயர். மற்ற மூன்றும் இதே மாதிரிதானே என்று கேட்டேன். "ஒரே செட்டு சார்" என்றார் மேனேஜர். பில்லில் வெறும் 'டயர் 19 இன்ச் – 4' என்று போட்டிருந்தார்கள். விவரமாக எழுதுங்கள் என்றதற்கு, கம்ப்யூட்டரில் அவ்வளவுதான் வரும் என்றார்கள்.

மழைக்காலம் வேறு. வண்டி வந்த சில நாளில் மாமா போன் செய்தார். "மாப்ள, பின்னாடி என்னமோ சரியில்லடா. காலாப்பட்டு தாண்டி தண்ணி நின்ன இடத்துல லேசா வாலை ஆட்டுது. மெதுவாத்தான் போனேன், அதுக்கே அந்த வழுக்கல் லைட்டு மின்னுது." வண்டி பின்பக்கம் நழுவும்போது கணினி தானாகப் பிடித்து நிறுத்துகிற ஏற்பாட்டின் விளக்கு அது. முன்பிருந்த தேய்ந்த டயரிலேகூட அப்படி மின்னியதில்லை என்றார்.

மறுநாள் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது. இடது பின் சக்கரத்தில், வெளியே தெரிகிற பக்கத்தில், 'இன்சைட்' என்று ஆங்கிலத்தில் புடைத்த எழுத்து. இந்த ரக டயருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. வெளிப்பக்க ஓரம் திருப்பத்தில் பிடிப்பதற்கு, உள்பக்கத்துப் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதற்கு. 'அவுட்சைட்' என்று போட்ட பக்கம்தான் வெளியே இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் கீழே துடைத்தேன். பாலிஷ் கறுப்பாகத் துணியில் ஒட்டியது. அதற்கு அடியில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசை, கடைசியில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 3818. 2018-ஆம் வருடத்தின் 38-ஆவது வாரம். செப்டம்பர் மாதம்.

அந்த நான்கு இலக்கம் டயரின் இரண்டு பக்கமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முழு எண் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதும், மறுபக்கம் தேதி இல்லாமல் பாதி வரிசைதான் இருக்கும். எங்கள் டயரில் தேதி இருந்தது உள்பக்கத்தில். சரியாக மாட்டியிருந்தால் அது காருக்கு அடியில் திரும்பியிருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது. வேலை தெரியாத பையன் ஒரு டயரைத் திருப்பி மாட்டியதால்தான் குட்டு வெளிப்பட்டது. வலது பின் டயரைப் பார்க்க, தரையில் சாக்கு விரித்துப் படுத்து போன் டார்ச்சை உள்ளே நீட்டினேன். அதிலும் 3818. இரண்டிலும் 'என்' குறி எந்தப் பக்கத்திலும் இல்லை.

நேரே கடைக்குப் போனோம். மேனேஜர் முகம் மாறவே இல்லை. "சார், டயர் என்ன பாலா தயிரா, கெட்டுப்போறதுக்கு? யூஸே பண்ணாதது சார். முடிகூட போகல பாருங்க" என்று டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ரப்பர் இழைகளைக் காட்டினார். நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்த இழைகள் இருந்தால் டயர் ரோட்டில் ஓடவில்லை என்றுதான் பொருள். எப்போது தயாரானது என்பதற்கு அது சாட்சி இல்லை.

ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடைகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சூடும் சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்துகின்றன. மெத்தென்று இருக்க வேண்டிய ரப்பர் விறைத்துப்போனால் ஈரத் தரையில் பிடிக்காது. பட்டன் ஆழமாகத்தான் இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தகரக் கூரை குடோனில் நம் ஊர் சித்திரை வெயிலை ஏழு தடவை பார்த்த டயர் எப்படி இருக்கும்? ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயரை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது என்று போர்ஷே தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. சாதாரண கார் டயருக்கே ஐந்து வருடம் ஆனபின் வருடா வருடம் சோதிக்கச் சொல்கிறது மிஷ்லின். வாங்கிய அன்றே கெடு தாண்டிய டயரில் என் மாமா மழையில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. பக்கத்து சீட்டில் அத்தை. இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

'என்' குறி எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஃபாரின் ரோட்டுக்கு சார், நம்மூருக்கு எதுக்கு" என்றார். அப்படியானால் வாட்ஸ்ஆப்பில் ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று மாமா அமைதியாகக் கேட்டார். பதில் இல்லை. கடைசியில், டயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரம் திருப்பித் தருகிறேன் என்றார்கள். மாமா எழுந்து வந்துவிட்டார்.

டயர் தவிர மற்ற வேலையும் மோசம்தான். வீல் போல்ட்டுகளை கன் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இந்த வண்டிக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 160 நியூட்டன் மீட்டர் பார்த்து முறுக்க வேண்டும். ஒரு போல்ட்டைக் கழற்ற சென்னை சர்வீஸ் சென்டரில் படாத பாடு பட்டார்கள். ரிம்மில் ஒரு கீறல். டயரில் காற்றுக்குப் பதில் அடைத்த நைட்ரஜனுக்குத் தனிக் காசு.

சென்னையில் வேறொரு விற்பனையாளரிடம் பின்பக்கம் இரண்டு மட்டும் வாங்கினோம். முன் டயரில் இருந்த அதே 'என்' குறி, அதே எண். பணம் கட்டும் முன்பே ஒவ்வொரு டயரின் இரண்டு பக்கத்தையும், டாட் வரிசை முழுதாகத் தெரியும்படி, படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். முகம் சுளிக்காமல் அனுப்பினார். டயர் இறங்கியதும் ரிம்மில் ஏற்றும் முன் தரையில் கிடத்தி, படத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டேன். பில்லில் அளவு, 98 ஒய், 'என்' குறி, தயாரிப்பு வாரம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் வராது என்பதெல்லாம் சும்மா. பேனாவால் எழுதி சீல் வைத்தாலும் பில் பில்தான்.

நீங்களும் இதை வற்புறுத்துங்கள். நான்கு டயரையும் தரையில் வைத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் மெஷினில் ஏற்ற விடாதீர்கள். ஒன்றைக் காட்டி 'ஒரே செட்டு' என்றால் மற்ற மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே வரக்கூடாது என்றால் டயரை வெளியே கொண்டுவந்து காட்டட்டும். அதற்கும் மறுத்தால் முன்பணம் போனாலும் போகட்டும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள், இந்தியாவில் விற்கிற டயருக்கு அது கட்டாயம்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், இன்றைக்கே பின் சக்கரத்துக்கு உள்ளே போனை நீட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் முன் டயரின் உட்பக்கம் தெரிந்துவிடும், பின் டயருக்கு அந்த வசதி இல்லை. பழசை மாட்டுகிறவர்கள் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அழைப்பு இலவசம். கடைக்குத் தகவல் போனது, அவர்கள் அசையவில்லை. பிறகு புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது வாட்ஸ்ஆப் கொட்டேஷன், பில், டயரின் தேதி தெரியும் படங்கள், கழற்றிய இரண்டு டயர்கள். டயரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் முக்கிய ஆதாரம். எங்கள் இரண்டும் மாமா வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும் என்ன ஆனது என்று இதிலேயே எழுதுகிறேன்.